வெள்ளரிக்காயை நினைத்தது குற்றமா?

அன்புள்ள சார்,

பதினாறு வருடம் பார்த்த வேலையைப் போன வருடம் விட்டேன். மேலாளர் எல்லார் முன்னாலும் என் ஃபைலைத் தூக்கி எறிந்தார். அன்றைக்கே எழுந்து வந்துவிட்டேன். இப்போது வீட்டில் டியூஷன். ஒன்றாம் தேதி வந்தால் பழைய சம்பளம் ஞாபகம் வருகிறது. அந்த கேன்டீன் சுண்டல்கூட. போன ஞாயிறு சபையில், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மோசேயோடு கிளம்பிக் கானானுக்குப் போன இஸ்ரவேலரின் வனாந்தர யாத்திரை பற்றிப் பிரசங்கம். பதினொரு நாள் வழியை நாற்பது வருடமாக்கியது முறுமுறுப்புதான் என்றார் போதகர். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. நீங்கள் அந்தப் பாடுகளை எப்படி வாசிக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்தப் பதினொரு நாள் கணக்கு. வேதத்தில் உபாகமம் 1:2 சொல்வது ஓரேப் மலையிலிருந்து கானானின் எல்லையிலிருந்த காதேஸ்பர்னேயா வரைக்குமான வழியை. அதை அவர்கள் நடந்து கடந்துவிட்டார்கள். நாற்பது வருடத் தண்டனை விழுந்தது அந்தக் காதேசில்தான். கானானை வேவு பார்த்து வந்தவர்கள் பயமுறுத்த, 'ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்பிவிடுவோம்' என்று ஜனங்கள் பேசிய பிறகு. கேன்டீன் சுண்டலை நினைப்பது வேறு, பழைய மேலாளருக்கு ஃபோன் போடுவது வேறு. நீங்கள் இன்னும் ஃபோன் போடவில்லை என்றே நினைக்கிறேன்.

எண்ணாகமம் 11-ல் அவர்கள் பட்டியல் போட்டு அழுகிறார்கள். மச்சம் (மீன்தான்), வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெண்காயம், வெள்ளைப்பூண்டு. இதையெல்லாம் எகிப்தில் 'கிரயமில்லாமல்', அதாவது விலை கொடுக்காமல், சாப்பிட்டோம் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லில் நின்றுவிடுவேன். வைக்கோல் கொடுக்காமல், ஆனால் செங்கல் கணக்கைக் குறைக்காமல் வேலை வாங்கிய ஊர் அது. அங்கே சாப்பிட்ட மீனுக்குக் கிரயமில்லையாம்! அவர்கள் பொய் சொல்லவில்லை. நாக்கு அப்படித்தான், முதுகு வாங்கிய அடியை அது நினைவில் வைப்பதில்லை.

அதே அதிகாரத்தில் மோசேயும் புலம்புகிறார். இத்தனை பேரை நான் ஒருவனாகச் சுமக்க முடியாது, இதற்கு என்னைக் கொன்றுபோடும் என்கிறார். ஜனங்களின் புலம்பலை விடக் கடுமையான பேச்சு. பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது தண்டனை இல்லை. பாரத்தைப் பங்குபோட எழுபது மூப்பர்கள். அங்கே இறைச்சிக்கு ஆசைப்பட்டவர்கள் வாதையில் செத்ததையும் நான் மறைக்கப்போவதில்லை. அது எனக்கு இன்றுவரை செரிக்காத பகுதி.

இனி நான் சொல்வது என் சொந்த வாசிப்பு, சபையில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். யாத்திராகமம் முதல் அதிகாரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் ராஜாவான பார்வோனுக்குக் கட்டிக்கொடுத்த பித்தோம், ராமசேஸ் இரண்டுமே பண்டசாலைப் பட்டணங்கள். சேமித்து வைப்பதற்கென்றே ஊர் கட்டிக் கைகள் காய்த்துப்போனவர்களுக்கு வனாந்தரத்தில் கிடைத்த சாப்பாடோ, சேமிக்க முடியாத ஒன்று. தினமும் காலையில் வானத்திலிருந்து பெய்த மன்னா, தலைக்கு ஓமர் என்ற அளவில் ஒன்று. கொத்துமல்லி விதை அளவு, வெள்ளை நிறம், தேனிட்ட பணிகாரத்தின் ருசி. மறுநாளைக்கு மிச்சம் வைத்தால் பூச்சி பிடித்து நாறியது. என் கணக்கில் வனாந்தரத்தின் பெரிய பாடு தாகமோ பாம்போ இல்லை, இதுதான். ராத்திரி பாத்திரத்தைக் காலி செய்துவிட்டுப் படுப்பது.

நானும் மாதச் சம்பளத்தை விட்டவன்தான். விட்ட முதல் வாரம் பயத்தில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஐந்து வாங்கி அடுக்கினேன். வீட்டில் நாங்கள் மூன்று பேர். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டுத்தான் வைத்தோம். மூன்றாம் மாதம் கடைசி மூட்டையைப் பிரித்தால் அரிசியே நகர்கிற மாதிரி வண்டு. மொட்டைமாடியில் பழைய சேலையை விரித்துக் கொட்டி, நானும் மனைவியும் வெயிலில் உட்கார்ந்து புடைத்தோம். வண்டுகள் சேலை ஓரத்தைப் பிடித்து வரிசையாக வெளியேறின. அவள் ஒன்றும் சொல்லவில்லை. முறத்தை மட்டும் கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.

ஆனால் ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்தது மட்டும் கெடவில்லை, கவனித்தீர்களா? அதே மன்னா, அதே பாத்திரம். அடுத்த நாள் ஓய்வுநாள் என்பதற்காக எடுத்து வைத்தது. பயத்தில் வைத்தது நாறியது, ஓய்வுக்கென்று வைத்தது நின்றது. அப்படி வேதத்தில் எழுதியில்லை, நான் படித்துக்கொள்வது. டியூஷன் பணத்தில் நீங்கள் ஏதாவது எடுத்து வைப்பதானால், ஒரு ஞாயிறு பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்வதற்கு வையுங்கள்.

மன்னா நின்றுபோன செய்தி யோசுவா 5-ல் ஒரே ஒரு வசனம். கானானின் விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாள் அது பெய்யவில்லை, அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பிறந்ததிலிருந்து மன்னா பொறுக்கி வளர்ந்தவர்கள். அன்று காலையும் யாராவது பழக்கத்தில் பாத்திரத்தோடு கூடாரத்துக்கு வெளியே வந்து, வெறும் தரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றிருப்பார்கள்.