குறைந்த செலவில் எடுக்கும் கடல் அரக்கன் படங்களில் அரக்கனைச் சரியாகக் காட்டாதது ஏன்?

காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும், அவ்வளவுதான். குறைந்த செலவுப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மன் 1954-இல் தயாரித்த 'மான்ஸ்டர் ஃப்ரம் தி ஓஷன் ஃப்ளோர்' படத்தின் ஒற்றைக்கண் ஆக்டோபஸ் வெறும் பொம்மை. கலங்கிய நீருள்ள மீன்தொட்டி வழியாக அதைப் படம்பிடித்துச் சமாளித்தார்கள். அதில் வரும் ஒற்றை ஆள் நீர்மூழ்கியைக்கூட ஏரோஜெட் ஜெனரல் நிறுவனம் விளம்பரத்துக்காக இலவசமாகவே கொடுத்தது.

1961-இல் அவர் இயக்கி வெளிவந்த 'கிரீச்சர் ஃப்ரம் தி ஹான்டட் சீ' இதைவிட வேடிக்கை. வேறு படப்பிடிப்புக்காகப் புவேர்ட்டோ ரிக்கோ போன குழுவை வைத்து, கையோடு முடித்த படம் அது. அரக்கன் எப்படி உருவானான் தெரியுமா? முக்குளிப்போர் அணியும் ரப்பர் உடைமேல் பாசியை ஒட்டினார்கள்; கண்ணுக்கு டென்னிஸ் பந்து, கருவிழிக்குப் பிங்பாங் பந்து. இந்த உருவத்தை வெளிச்சத்தில் நிறுத்தினால் குழந்தைகூடச் சிரிக்கும். நல்லவேளையாக, படமே நகைச்சுவைப் படம்தான்.

கடல் வாடகை கேட்காத அரங்கம். கரையும் படகும் கிடைத்தால் பாதிப் படம் முடிந்தது. நீருக்கடியில் கேமராவை இறக்குவதுதான் செலவு. அதனால்தான் கதாபாத்திரங்கள் மேல்தளத்தில் நின்று ஓயாமல் பேசுகிறார்கள். உண்மையில் இந்தப் படங்களில் என்னைப் பொறுமை இழக்கவைப்பது பொம்மை அரக்கன் அல்ல, அந்தப் பேச்சுதான்.