வாரயிறுதிக் காணொளி மேசை: கேட்டதும் சொன்னதும்

சிங்கப்பூர்ச் செய்தியறை ஒன்றில் சனி, ஞாயிறு காணொளிப் பணியைக் கவனிக்கும் அக்காவிடம் உறுப்பினர்கள் கேட்டவை. பெயருக்குப் பதிலாக அவரவர் வட்டாரம்.

பொங்கோல் தயாரிப்பாளர்: அக்கா, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைப் பொறுப்பு எனக்கு. இரண்டே ஒளிப்பதிவாளர்கள். நாலைந்து நிகழ்ச்சி அழைப்புகள். எப்படிப் பிரிப்பது?

பதில்: நாலுக்கும் போக முடியாது தம்பி. அதை வெள்ளிக்கிழமை மாலையே முடிவு செய்து, ஏற்பாட்டாளர்களிடம் சொல்லிவிடுங்கள். சனி காலையில் சொன்னால் கோபப்படுவார்கள், அது நியாயமும்கூட.

முதலில் நேரக்கணக்கு. ஒன்றரை நிமிடக் காணொளிக்குப் பயணம் 45 நிமிடம், படப்பிடிப்பு 40, வெட்டி ஒட்ட 90, வசன வரிகளுக்கு (சப்டைட்டில்) 30, சரிபார்க்க 15. பதினொரு மணி நிகழ்ச்சிக்கு ஆள் 10:50க்குப் போய்ச் சேர்ந்தாலும், காணொளி மதியம் இரண்டுக்கு முன் வராது. ஒருவர் ஒரு நாளில் இரண்டு முடித்தாலே நல்ல வேலை.

அடுத்து இடக்கணக்கு. ஒருவரைப் பாசிர் ரிஸுக்கும் மற்றவரை ஜூரோங்குக்கும் அனுப்பிவிட்டால், நடுவில் தீவிபத்து என்றால் போக ஆளில்லை. திட்டமிட்ட நிகழ்ச்சிகளை ஒருவரிடமே கொடுங்கள். மற்றவர் நகர மையத்துக்கு அருகில் சிறிய வேலையோடு இருக்கட்டும். இரண்டு மணி வரை எதுவும் நடக்கவில்லை என்றால் தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு சின்ன வாழ்வியல் காணொளி எடுக்கச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக் குறிப்பில் நிகழ்ச்சியின் பெயர் மட்டும் போதாது. ஏற்பாட்டாளரின் கைபேசி எண், சிறப்பு விருந்தினர் வரும் நேரம், பேட்டிக்கு ஒப்புக்கொண்டவர் யார் என்ற மூன்றும் வேண்டும். திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்ற வசதி வாரயிறுதியில் கிடையாது.

ஈசூன்: எந்தக் கேமரா வாங்கலாம்?

பதில்: இருப்பதையே வையுங்கள். மீதிப் பணத்தில் நல்ல மைக்கும் இரண்டு உபரி பேட்டரியும் வாங்குங்கள். படம் சற்று மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்காவிட்டால் உடனே போய்விடுவார்கள்.

பிடோக் நிருபர்: அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படிகிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.

பதில்: துடைக்காதீர்கள். ஏர்கானில் கண்ணாடி 22 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கிறது. நம் ஊர் வெளிக்காற்றின் ஈரமோ ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழான எந்தப் பரப்பிலும் நீராக இறங்கும். கண்ணாடி சூடாகும்வரை அது நிற்காது. கேமராவை மூடிய பையிலேயே வைத்து வெளியே 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். பயணத்தில் காரின் பின்பெட்டியில் வைக்கலாம். பனி இருக்கும்போது லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளே போகும், பிறகு பூஞ்சைதான். அவசரமென்றால் முதல் காட்சிகளைக் கைபேசியில் எடுங்கள்.

உட்லண்ட்ஸ்: தைப்பூசத்தில் நேரலை அறுந்துகொண்டே இருக்கிறது.

பதில்: பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை கூட்டத்தில் எல்லார் கையிலும் கைபேசி. சிக்னல் முழுதாகத் தெரியும், தரவு நகராது. வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் வையுங்கள். நேரலை போகும்போதே கேமராவிலும் பதிவாகட்டும். கோப்பாக அனுப்புவதென்றால் 2 நிமிடத்தை 10 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 10 மெகாபிட்) ஏற்றுமதி செய்தால் 150 மெகாபைட். பதிவேற்ற வேகம் 2 எம்பிபிஎஸ்தான் என்றால் பத்து நிமிடம் பிடிக்கும். 6 எம்பிபிஎஸ்ஸில் செய்தால் ஆறு நிமிடம். கைபேசித் திரையில் வேறுபாடு தெரியாது.

அனுப்பிய பிறகும் மெமரி கார்டை அழிக்காதீர்கள். இரண்டு இடங்களில் நகல், இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்தல், அதன் பிறகே ஃபார்மட்.

தெம்பனிஸ்: வாசகர் வாட்ஸ்அப்பில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் தீவிபத்துக் காணொளி அனுப்பினால் உடனே போடலாமா?

பதில்: கூடாது. எடுத்தவர் அவர்தானா என்று கேளுங்கள். அவர்தான் என்றால் மூலக்கோப்பை வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்ததில் எடுத்த நேரமும் இடமும் அழிந்திருக்கும். புளோக் எண், சுவரின் நிறம், எதிர்க்கட்டடம் ஆகியவற்றைத் இணையத் தெருப்படத்தோடு ஒப்பிடுங்கள். பழைய தீ புதிய தீயாகத் திரும்பி வரும். குடிமைத் தற்காப்புப் படையிடம் உறுதி கேளுங்கள். பயன்படுத்தும் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். குழந்தைகளின் முகத்தை மறையுங்கள்.

ஜூரோங்: வசன வரியில் ‘கொ’ உடைந்து, கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கின்றன.

பதில்: எழுத்துரு அல்ல, அமைப்பு. காணொளி வெட்டும் பிரீமியர் மென்பொருளில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றிவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள்.

பிடோக் நிருபர்: வசன வரி என்றதும் கேட்கிறேன். பேட்டி தருபவர் பேச்சுத்தமிழில் பேசும்போது ஏன் எழுத்துத்தமிழில் போடுகிறோம்?

பதில்: நல்ல கேள்வி. ஒருவர் “லிஃப்ட் ரொம்ப நாளா ஸ்பாயில், நாங்க படியேறித்தான் போறோம்” என்கிறார். நாம் “மின்தூக்கி நெடுநாளாகப் பழுதடைந்துள்ளதால் படிக்கட்டைப் பயன்படுத்துகிறோம்” என்று போடுகிறோம். காது ஒன்றைக் கேட்க, கண் வேறொன்றைப் படிக்கிறது.

ஓர் ஆசிரியை: மாணவர்கள் பார்க்கிறார்கள். திரையில் வருவது செந்தமிழாக இருக்கட்டுமே.

பிடோக் நிருபர்: டீச்சர், அவர் அப்படிப் பேசவில்லையே!

ஓர் ஆசிரியை: பேசுவதையே எழுதுவதென்றால் யார் பேச்சு? இங்கே பிறந்தவர், தஞ்சாவூர்க்காரர், யாழ்ப்பாணத்தவர், ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்துக்கூட்டலா?

பதில்: டீச்சர் கேட்பது சரி. பேச்சுத்தமிழுக்கு நிலைத்த எழுத்துக்கூட்டல் இல்லை, இரண்டு தொகுப்பாளர்கள் இரண்டு விதமாக எழுதுவார்கள். ஆனால் நம் வாக்கியத்தில் பெரிய தவறு வேறிடத்தில் இருக்கிறது. “பழுதடைந்துள்ளதால்” என்று ஒரு காரணத்தை நாம் சேர்த்திருக்கிறோம். அவர் இரண்டு செய்திகளைத்தான் சொன்னார். சேர்த்துப் பொருள் கொள்வது பார்ப்பவர் வேலை. லிஃப்ட் விஷயத்தில் பரவாயில்லை. சாலை விபத்தைப் பார்த்தவர் பேச்சில் இப்படி ஓர் ‘ஆல்’ சேர்த்தால் குற்றம் யாருடையது என்பதே மாறிவிடும்.

ஆகவே சொற்களும் வரிசையும் அவருடையவை, விகுதி மட்டும் எழுத்துத்தமிழ்: “லிஃப்ட் ரொம்ப நாளாக ஸ்பாயில். நாங்கள் படியேறித்தான் போகிறோம்.” கோப்பிக்கடை, பசார் போன்ற நம் ஊர்ச் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

ஓர் ஆசிரியை: ‘ரொம்ப’வை என்னால் ஏற்க முடியாது.

பதில்: அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை டீச்சர். ‘ஆல்’ விஷயத்தில் ஒத்துப்போனால் எனக்குப் போதும்.

செங்காங்: ஈஸ்ட் கோஸ்ட்டில் டிரோன் பறக்கவிடலாமா?

பதில்: விமான நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அனுமதி வேண்டும். சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் வரைபடத்தைப் பாருங்கள்.

கிளமெண்டி: ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம் உண்டா?

பதில்: உங்கள் ஓய்வுநாள் எது, சம்பளம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மனிதவள அமைச்சிடம் கேளுங்கள்.

ஈசூன்: கேமரா பற்றிக் கேட்டிருந்தேன்…

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மைக்.

உட்லண்ட்ஸ்: பின்னால் உள்ள எல்இடி விளக்குகள் துடிக்கின்றன.

பதில்: இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேமில் எடுங்கள், ஷட்டர் 1/50 அல்லது 1/100. பெரிய எல்இடி திரைக்கு இது போதாது, ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றிப் படத்தில் ஓடும் பட்டை மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.

பொங்கோல் தயாரிப்பாளர்: கடைசியாக ஒன்று அக்கா. 64 ஜிபி கார்டு ஒரு நாளுக்குப் போதுமா? நிறைந்தால் காலையில் எடுத்ததை அழித்துவிடலாமா?

பதில்: 100 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, 64 ஜிபியில் எண்பது நிமிடத்துக்குச் சற்று மேல். மூன்று கார்டு கொடுத்தனுப்புங்கள். அழிக்க வேண்டாம்.