ஒரே மந்தை, இரண்டு யூனிட்: கொலராடோ வேட்டை வரைபடத்தைப் படிப்பது எப்படி?

கேள்வி: டென்வரில் வேலை. வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, எச்1பி விசா. எல்க் மான் வேட்டைக்கு என்னையும் அழைத்துப் போவதாக அலுவலக நண்பர் சொல்கிறார். விண்ணப்பத்தில் ஜிஎம்யூ (வேட்டை மேலாண்மை யூனிட்) எண் கேட்கிறார்கள். "குலுக்கலில் 61 விழுந்தால் யோகம், 62 எப்படியும் கிடைக்கும்" என்கிறார் அவர். வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கின்றன. எதற்காக இப்படிப் பிரித்தார்கள்? ஒன்றுக்கு லைசென்ஸ் வாங்கி மற்றதில் சுடலாமா? என் விசாவால் ஏதும் சிக்கல் வருமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். அதற்குள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்காவில் முறையாகப் பெற்ற, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. ஆக, லைசென்ஸ் வந்த பிறகுதான் துப்பாக்கியைத் தொட வேண்டும். "சும்மா ஒரு நாள் சுட்டுப் பழகு" என்று நண்பர் அதற்கு முன்பே கூப்பிட்டால் போகாதீர்கள். உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இனி யூனிட். லைசென்ஸ் 62-க்கு மட்டும் என்றிருந்தால் 62-இல் மட்டுமே வேட்டை. கோட்டுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய கொம்பன் நின்றாலும் அது உங்களுடையது அல்ல. கைபேசியில் எல்லை காட்டும் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் சிக்னலை நம்ப முடியாது.

நம் ஊர் வனச்சரகம், வனக்கோட்டம் மாதிரி இதுவும் ஒரு நிர்வாகப் பிரிவுதானே என்று தோன்றும். பாதி சரி. வேட்டையே தடைசெய்யப்பட்ட நாட்டிலிருந்து வந்த நமக்கு மீதிப் பாதிதான் புதிது. கொலராடோவின் வனவிலங்குத் துறை மாநிலத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு விதமாகப் பிரிக்கிறது. ஒன்று விலங்குக்காக, மற்றது மனிதனுக்காக.

விலங்குக்கானது டிஏயூ (டேட்டா அனாலிசிஸ் யூனிட்) என்ற பெரிய பிரிவு. ஒரு மந்தை கோடையில் மேயும் மேட்டுக்காடு, குட்டி ஈனும் இடம், பனிக்காலத்தில் இறங்கி வரும் தாழ்நிலம் என அதன் வருடம் முழுக்க அடங்கும்படி இதை வரைகிறார்கள். கோட்டைத் தாண்டி வருகிறதும் போகிறதும் குறைவாக இருந்தால்தான் எண்ணிக்கைக் கணக்கு நிற்கும். எல்க்குக்கு ஒரு பிரிப்பு, மியூல் மானுக்கு வேறு, கரடிக்கு வேறு.

ஜிஎம்யூ மனிதனுக்கானது. ஒரு டிஏயூவுக்குள் ஒன்றோ, இரண்டோ, பத்துக்கு மேலோகூட இருக்கும். அதன் எல்லைகள் பெரும்பாலும் நெடுஞ்சாலை, ஆறு, மலை முகடு, மாவட்ட எல்லை என்று ஓடுவதற்குக் காரணம், வேட்டைக்காரன் நின்ற இடத்திலிருந்தே "நான் எந்தப் பக்கம்" என்று சொல்ல முடியவேண்டும் என்பதுதான். சொல்ல முடியாத எல்லையை வைத்து யாருக்கும் அபராதம் போட முடியாது, இல்லையா?

உங்கள் நண்பர் சொன்ன இரண்டு எண்களைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. மேற்கு கொலராடோவில் அன்கம்பாக்ரே பீடபூமி இருக்கிறது. அதன் மேற்குச் சரிவு 61, மான்ட்ரோஸ், டெல்டா ஊர்களைப் பார்த்த கிழக்குச் சரிவு 62. எல்க் கணக்கில் இரண்டும் சேர்ந்து ஒரே டிஏயூ, எண் ஈ-20. அதாவது துறையின் பார்வையில் அது ஒரே மந்தை. ஆனால் 61-இல் ஆண் எல்க்குக்கான லைசென்ஸை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே ஆண்கள் வயதேறி, கொம்பு பெருத்து நிற்கின்றன. முதல் துப்பாக்கிப் பருவத்து லைசென்ஸ் ஒன்றுக்குப் பத்து வருடத்துக்கு மேல், குலுக்கலில் முன்னுரிமை தரும் புள்ளிகளைச் சேர்த்துக் காத்திருப்பவர்கள் உண்டு. 62-இலோ இரண்டாம், மூன்றாம் துப்பாக்கிப் பருவத்துக்குக் குலுக்கலே இல்லாமல் கடையில் லைசென்ஸ் விற்று வந்திருக்கிறார்கள். கூட்டம் அதிகம், பெரிய கொம்பு அரிது, ஆனால் வருடாவருடம் போகலாம். ஒரே மந்தையை வைத்துக்கொண்டு இரண்டு விதமான ஆட்களைத் திருப்திப்படுத்தும் வழி இது. இதில் உயிரியல் பாதி, அரசியல் பாதி என்பதுதான் என் கணிப்பு.

லைசென்ஸ் எண்ணிக்கையை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பலரும் கேட்பதில்லை, கேட்கவேண்டும். வேட்டைக் காலம் முடிந்து பனி விழுந்ததும் எல்க் கூட்டமாகத் தாழ்நிலத்துக்கு இறங்கும். வெள்ளைத் தரையில் பழுப்பு உடம்பு பளிச்சென்று தெரியும். அப்போது ஹெலிகாப்டரில் போய் ஆண், பெட்டை, குட்டி என்று வகைபிரித்து எண்ணுகிறார்கள். அந்த விகிதத்தோடு, வேட்டைக்குப் போனவர்களிடம் கேட்டு வாங்கும் தகவலையும் சேர்த்து மந்தையின் மொத்த அளவைக் கணிக்கிறார்கள். ஒவ்வொரு டிஏயூவுக்கும் ஒரு மந்தைத் திட்டம் உண்டு. எத்தனை எல்க் இருக்கலாம், நூறு பெட்டைக்கு எத்தனை ஆண் இருக்கவேண்டும் என்ற இரண்டு இலக்குகள்தான் அதன் உயிர்.

மந்தையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெட்டை லைசென்ஸ்தான். ஓர் ஆண் பல பெட்டைகளோடு சேரும் என்பதால், ஆண்களைச் சுட்டு மந்தையைச் சுருக்க முடியாது. கொம்பின் தரத்தைத்தான் மாற்ற முடியும். எந்த மூலையில் எல்க் இறங்கிப் பண்ணைக்காரரின் வைக்கோல் போரைத் தின்கிறதோ, அந்த யூனிட்டில் மட்டும் பெட்டை லைசென்ஸைக் கூட்டலாம். சிறு பிரிவுகள் இருப்பதன் பலன் அதுதான். இறுதி லைசென்ஸ் எண்ணிக்கைக்கு மாநில வனவிலங்கு ஆணையம் ஒப்புதல் தருவது மே மாதத்தில். நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதோ ஏப்ரல் தொடக்கத்துக்குள். போன வருடக் கணக்கைப் பார்த்துத்தான் போடவேண்டியிருக்கும்.

கையேட்டில் வேட்டைக் குறியீடு ஒன்று இருக்கும்: ஈஎம்061ஓ1ஆர். பயப்பட ஒன்றுமில்லை. ஈ என்றால் எல்க். எம் என்றால் ஆண். அங்கே எஃப் இருந்தால் பெட்டை, ஈ இருந்தால் இரண்டில் எதுவும். 061 யூனிட். ஓ1 முதல் பருவம். இந்த 'ஓ' எழுத்து, பூஜ்யம் அல்ல, இணையத்தில் தட்டும்போது கவனம். கடைசி ஆர் துப்பாக்கி; ஏ என்றால் வில், எம் என்றால் குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கி. 'ஓ' இருக்கும் இடத்தில் 'பி' இருந்தால் தனியார் நிலத்தில் மட்டும் செல்லும் லைசென்ஸ். பண்ணைக்காரர் யாரையும் தெரியாமல் அதை வாங்கிவிட்டு, சுற்றிலும் காடு இருந்தும் கால்வைக்க முடியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: குறியீட்டில் ஓர் எண்தான் இருக்கும், ஆனால் லைசென்ஸ் பக்கத்து யூனிட்களிலும் செல்லக்கூடும். எங்கெல்லாம் செல்லும் என்ற பத்தியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

யூனிட்டுக்குள் எல்லா நிலமும் பொது நிலம் அல்ல. கொலராடோவில் தனியார் நிலத்தில் பலகை வைத்திருக்கவேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. வேலி இல்லை, பலகை இல்லை என்பது சாக்கு ஆகாது. அடிபட்ட எல்க் அங்கே போய் விழுந்தாலும் உரிமையாளர் அனுமதி வேண்டும்.

முதல் வருடத்துக்கு என் யோசனை: குலுக்கலில் முதல் விருப்பமாக 61-ஐப் போடுங்கள், விழாவிட்டால் ஒரு புள்ளி சேரும். வேட்டைக்கு 62-ஐ வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் பெட்டை லைசென்ஸ் கிடைத்தால் உத்தமம். எல்க் நம் கடமானைவிடப் பெரிய உயிர். இறைச்சியை முதுகில் சுமந்து இறக்கும்போது கொம்பு இல்லாதது நிம்மதியாக இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இங்கே வீடு என்பதால் உள்ளூர்க் கட்டணம் கேளுங்கள். வெளியூர்க்காரருக்குப் பத்து மடங்குக்கும் அதிகம். கடை லைசென்ஸ் விதிகள் சமீபத்தில் மாறிக்கொண்டே வருகின்றன, இந்த வருடக் கையேட்டையே பாருங்கள்.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பொதுவாக வேட்டைப் பயிற்சி அட்டை கட்டாயம். அது இல்லாமல் விண்ணப்பமே நகராது, எனவே இந்த மாதமே வகுப்பில் சேருங்கள். துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ, தலையிலும் அதே நிறத்தில் எல்லாப் பக்கமும் தெரியும்படி ஒரு தொப்பி. நண்பரிடம் பழைய உடுப்பு இரவல் வாங்கினால் நிறம் மங்கியிருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள்.