மழை பெய்தால் பழைய காருக்குள் தண்ணீர் தேங்குகிறது. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடித்து அடைப்பது?

கேள்வி கேட்டவரின் வண்டி பதினைந்து வருடம் ஓடிய ஹேட்ச்பேக். மழை பெய்தால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தரை விரிப்புக்கு (மேட்) அடியில் தண்ணீர் நிற்கிறது, முன் கண்ணாடி ஓரம் முழுக்க சிலிக்கான் பூசியும் பலனில்லை என்கிறார். பலன் இல்லாததில் வியப்பில்லை. அந்த இடத்துக்குத் தண்ணீர் வர நாலைந்து வழிகள் உண்டு. கண்ணாடி அவற்றில் ஒன்று, அதுவும் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. பழைய கார்களில் பல நேரம் கோளாறு ஓட்டையால் வருவதில்லை. வெளியே போக வேண்டிய தண்ணீருக்குப் போக்கிடம் அடைத்துக்கொள்வதால்தான் வருகிறது. அடைப்பைச் சிலிக்கானால் சரி செய்ய முடியாது.

முதலில் அது மழைத் தண்ணீர்தானா என்று பாருங்கள். நம் ஊர் கார்களில் ஸ்டியரிங் வலது பக்கம் இருப்பதால் காற்றுத் தள்ளும் பிளோயரும் ஏசி பெட்டியும் பெரும்பாலும் டேஷ்போர்டின் இடது பாதியில் இருக்கும். ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் எவாபரேட்டரில் சேரும் தண்ணீர் ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டும். அதில் தூசி அடைத்தால் அந்தத் தண்ணீரும் அதே மேட்டுக்கு அடியில்தான் வந்து சேரும். புழுக்கமான ஒரு நாளில் ஏசியை அரைமணி நேரம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். ஒரு சொட்டும் இல்லை, உள்ளே மட்டும் ஈரம் என்றால் குழாயைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது. ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்து, கூலன்ட் டப்பாவில் அளவும் குறைந்துகொண்டே வந்தால் அது ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடும் சிறு ரேடியேட்டர்) கசிவு. அதற்கு வைத்தியம் வேறு.

மழைத் தண்ணீர்தான் என்று தெரிந்த பிறகு, ஈரம் தெரியும் இடத்தை நம்பாதீர்கள். தண்ணீர் தகட்டின் மடிப்பையும் ஒயர் கட்டையும் பிடித்துக்கொண்டு ஒரு மீட்டர் கூடத் தள்ளி வந்து விழும். அதனால் மேட், ஓரத்து பிளாஸ்டிக், ஏ பில்லர் (முன் கண்ணாடி ஓரத்துத் தூண்) கவர், குளோவ் பாக்ஸ் எல்லாவற்றையும் கழற்றித் தகடு தெரியும்படி செய்துகொண்டுதான் சோதனையைத் தொடங்க வேண்டும். பில்லரில் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியானால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுவிட்டுத் தொடுங்கள். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கனெக்டர்களை நோண்ட வேண்டாம்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, மற்றவர் தோட்டத்து ஹோஸோடு வெளியே. ஹோஸ் முனையில் நாசில் போடக் கூடாது, தண்ணீர் மெதுவாக வழிய வேண்டும். பிரஷர் வாஷர் நல்ல பீடிங்கையும் (கதவு ஓரத்து ரப்பர்) பிதுக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பொய்க் கசிவைக் காட்டும். கீழிருந்து மேலே போங்கள்: கதவின் கீழ்ப்பாதி, கதவுக் கண்ணாடி ஓரம், வைப்பருக்குக் கீழே உள்ள கிரில், முன் கண்ணாடியின் கீழ் ஓரம், பக்கங்கள், மேல் ஓரம், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். சந்தேகமான தகட்டில் முகப்பவுடர் தூவி வைத்தால் தண்ணீர் வந்த பாதை கோடாகத் தெரியும்.

ஆள் துணை இல்லையென்றால் வேறு வழி இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்று மோடில் பிளோயரை முழு வேகத்தில் வைத்து, பின் பம்பருக்குள் இருக்கும், உள்காற்று வெளியேறும் காற்றுப்போக்கி மடல்களை டேப்பால் மூடிவிட்டு, வெளியிலிருந்து சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். கண்ணாடி, பீடிங், விளக்கு ஓரங்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். அடைப்பை மட்டும் காட்டாது.

கேள்வியில் உள்ள வண்டிக்கு என் முதல் சந்தேகம் வைப்பருக்குக் கீழே உள்ள கவுல் தொட்டி. முன் கண்ணாடியில் விழும் தண்ணீர் முழுக்க அந்த கிரில் வழியாகத் தொட்டிக்குள் இறங்கி, இரு ஓரத்து ஓட்டைகள் வழியாக முன் சக்கரத்துக்குப் பின்னால் வெளியேற வேண்டும். வேப்ப மரத்தடியிலும் குல்மொகர் மரத்தடியிலும் நிற்கும் வண்டிகளில் இந்த ஓட்டைகள் சீக்கிரம் அடைத்துவிடும். அந்தச் சிற்றிலைகள் கிரில்லைத் தாண்டி நேரே உள்ளே போய்ச் சேறாகிவிடுகின்றன. தொட்டியில் மட்டம் ஏறி, பிளோயருக்குக் காற்று போகும் வாயின் விளிம்பைத் தாண்டினால் அவ்வளவும் இடது கால் பக்கம் கொட்டும். பழைய சிறிய கார்கள் பலவற்றில் கேபின் ஃபில்டரும் கிடையாது, தடுக்க ஒன்றுமில்லை. மழைக்குப் பிறகு பிளோயரைப் போட்டதும் சளசளவென்று சத்தம் வந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

கிரில் மேல் ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். சில நொடிகளில் இரு பக்கமும் கொட்டத் தொடங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் மறுபக்கம் அடைப்பு. சுத்தம் செய்ய வைப்பர் கைகளைக் கழற்ற வேண்டும்; அவை நின்ற இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையாமல் வராது, முன்கூட்டியே நாலைந்து வாங்கி வைப்பது நல்லது. குப்பையைக் கையால் அள்ளுங்கள், ஓட்டைக்குள் தடித்த நைலான் நரம்பை விடுங்கள். கம்பி விட்டால் பெயின்ட் கீறி அங்கேயே துரு பிடிக்கும். தொட்டி காய்ந்த பிறகு தகடுகள் சேரும் இடத்தில் பழைய சீலர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, வெடித்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு பியு (பாலியூரித்தேன்) சீம் சீலர் போடுங்கள்.

கவுல் சுத்தமாக இருந்தால் அடுத்தது கதவு. இதை மெக்கானிக்குகளே பல நேரம் தவறவிடுகிறார்கள். கதவுக் கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. கீழ் விளிம்பில் உள்ள இரண்டு மூன்று துளைகள் வழியாக அது போய்விடும். டோர் பேடுக்கு (கதவின் உட்பக்க அட்டை) பின்னால் ஒட்டியிருக்கும் பாலித்தீன் ஷீட்தான் அது கேபினுக்குள் வராமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாட்டியவரோ பவர் விண்டோ சரி செய்தவரோ ஷீட்டைக் கிழித்து அப்படியே விட்டிருப்பார். துருத் தடுப்புக் கோட்டிங் அடிக்கும்போது கீழ்த் துளைகளை மூடிவிடுவதும் நடக்கும். கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் துளை அடைப்பு, டோர் பேடின் அடிப்பகுதி ஊறிப் போயிருந்தால் ஷீட்.

டோர் பேடைக் கழற்ற, கைப்பிடி சுற்றும் கண்ணாடியானால் பிடிக்குப் பின்னால் ஒரு துணிப் பட்டையைச் செருகி இப்படியும் அப்படியும் இழுங்கள், கிளிப் வெளியே வந்துவிடும். எங்கே பறக்கிறது என்று கவனியுங்கள்! புது ஷீட்டுக்கு 150 முதல் 200 மைக்ரான் பாலித்தீன் போதும், ஒட்டுவதற்கு பியூட்டைல் டேப் (பிசின் போன்ற ரப்பர் டேப்). இரட்டைப் பக்க டேப் நம் வெயிலில் ஒரு கோடையைத் தாங்காது. ஷீட்டின் கீழ் ஓரம் கதவின் உட்பக்கத் துவாரத்துக்குள் செருகி இருக்க வேண்டும்; வெளியே தொங்கினால் அதுவே தண்ணீரைக் கேபினுக்குள் கொண்டு வரும்.

கதவு பீடிங்குக்கு ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். நோட்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கம் இருக்க வேண்டும். நழுவும் இடத்தில் பீடிங் செத்துவிட்டது, அல்லது கதவு தொங்குகிறது. டூப்ளிகேட் பீடிங் சில நேரம் தடிமனாக இருக்கும், கதவு மூடவே மூடாது. பீடிங் நன்றாக இருந்தால் ஸ்ட்ரைக்கரை (கதவுப் பூட்டு மாட்டும் கொக்கி) ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பாருங்கள்.

ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) பானட் கேபிள், ஒயர் கட்டு போகும் இடங்களில் கிராமெட் (துளையை மூடும் ரப்பர் வளையம்) இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர், ஹார்ன், அலாரம் மாட்டியவர்கள் துளை போட்டு வெறுமனே ஒயரைத் தள்ளிவிடுவது வழக்கம். கிராமெட் போட்டு, ஒயர் துளைக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி ஏறும்படி விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் முன் கண்ணாடி. அம்பாசிடர், பத்மினி போல ரப்பருக்குள் செருகிய கண்ணாடியானால், தண்ணீர் மாதிரி ஓடிப் போய் இடுக்கில் நிற்கும் சீலரை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே விடலாம். பசை வைத்து ஒட்டிய கண்ணாடிக்கு மேலே பூசுவது வீண். கண்ணாடியை அறுத்தெடுத்து, பழைய யூரித்தேன் பசையில் 1 முதல் 2 மில்லிமீட்டர் அடுக்கை மட்டும் விட்டுவிட்டு, துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து, புதிதாக யூரித்தேன் வைத்து ஒட்ட வேண்டும். ஏற்கெனவே பூசிய சிலிக்கான் முழுக்கப் போக வேண்டும், யூரித்தேன் அதன் மேல் ஒட்டாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வெறும் தகட்டை அரிக்கவும் செய்யும். எம்-சீல் (எபாக்ஸி மாவு) வேண்டவே வேண்டாம். பாடி நெளியும்போது கல் போல இறுகிய அது வெடித்துவிடும். ஒட்டிய முதல் நாள் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், கதவை அறைந்து மூடினால் உள்காற்று கண்ணாடியைத் தள்ளும்.

ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நின்றால் அது தனிக் கதை: டெயில் லேம்ப் கேஸ்கெட், பின் கதவு பீடிங், மேலே உள்ள ஸ்டாப் லைட், காற்றுப்போக்கி மடல். பின் சீட்டை மடித்துவிட்டு ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் இதையும் அதே ஹோஸ் சோதனையில் பிடித்துவிடலாம். கூரை ஆன்டெனா உள்ள வண்டியில் அதன் அடி ரப்பரையும் பாருங்கள்.

காய வைப்பதில் அவசரம் கூடாது. கார்ப்பெட் மேலே காய்ந்திருக்கும், அடியில் உள்ள ஸ்பான்ஜ் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தகடு அழுகுவது அங்கேதான். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை வெளியே எடுத்து, ஸ்பான்ஜைப் பிழிந்து வெயிலில் போடுங்கள். தரையில் துளை போட்டு வடியவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், ரோட்டுத் தண்ணீர் அதே வழியாக ஏறும். துரு இருந்தால் கம்பி பிரஷ், ரஸ்ட் கன்வெர்ட்டர், பிரைமர், பெயின்ட் என்று வரிசையாக முடியுங்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர் கனெக்டர்கள் இருந்தால் திறந்து, பச்சை படர்ந்தவற்றை கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள். எல்லாம் முடிந்ததும் ஹோஸ் சோதனையை மறுபடி ஒரு தடவை செய்து, நல்ல மழை ஒன்று பெய்து முடியும் வரை கார்ப்பெட்டைத் திரும்பப் போடாமல் ஓட்டுங்கள்.