ரேட்டு, ரேஷியோ, ரிஜிஸ்டர்: நர்ஸ்களோட கேள்விகளுக்குப் பதில்

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல கணக்கு கேள்விதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க கேட்டது, ஃபீல்டுல இருக்கிற வி.எச்.என். (கிராம சுகாதார செவிலியர்) அக்காங்க கேட்டது எல்லாம் கலந்துதான் இருக்கு.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்ததுக்கப்புறம் எங்க ஏரியால சுகர் பேஷண்ட் லிஸ்ட் ஏறிக்கிட்டே போகுது. மீட்டிங்ல "ஏன் குறையல"ன்னு கேக்குறாங்க, என்ன சொல்ல?

குறையாதுன்னு சொல்லுங்க. அந்த லிஸ்ட் காட்டுறது பிரவலன்ஸ், பழசு புதுசு எல்லாம் சேத்து இப்ப எத்தனை பேர்னு. இன்சிடென்ஸ்னா ஒரு குறிப்பிட்ட காலத்துல புதுசா நோய் வந்தவங்க மட்டும். 2021 ஆகஸ்ட்ல இருந்து வீட்டு வாசல்லயே பிபி, சுகர் பாக்குறோம், அதுவரைக்கும் தனக்கு சுகர் இருக்குன்னே தெரியாம இருந்தவங்க பேரெல்லாம் இப்பதான் ரிஜிஸ்டர்ல ஏறுது, மாத்திரையும் ஒழுங்கா கிடைக்கிறதால ஆளும் நல்லா நடமாடுறாங்க, அப்புறம் நம்பர் எப்படி இறங்கும்? ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, புதுசா கண்டுபிடிச்சதை இன்சிடென்ஸ்னு எழுதிடாதீங்க. பத்து வருஷமா சுகரோட இருந்த பாட்டிக்கு நேத்து டெஸ்ட் பண்ணீங்கன்னா நோய் நேத்து வந்ததா ஆகாது. மீட்டிங்ல கேட்டா மொத்தத்தை விட்டுட்டு எத்தனை பேருக்கு கன்ட்ரோல்ல இருக்குன்னு சொல்லுங்க, உங்க வேலை தெரியறது அங்கதான்.

எங்க சப்-சென்டர்ல (துணை சுகாதார நிலையம்) போன வருஷம் ஒரு குழந்தை இறப்பு, இந்த வருஷம் ரெண்டு. ஐஎம்ஆர் (குழந்தை இறப்பு விகிதம்) டபுள் ஆயிடுச்சுன்னு திட்டு.

பாவம் நீங்க. ஐஎம்ஆர்னா ஒரு வயசு முடியறதுக்குள்ள இறந்த குழந்தைங்க, 1000 லைவ் பர்த்துக்கு எத்தனைன்னு. இறந்தே பிறந்தது வகுத்தல்ல மேல இருக்கிற இறப்புலயும் வராது, கீழ இருக்கிற பிறப்புலயும் வராது. 5000 பேர் இருக்கிற சப்-சென்டர்ல வருஷத்துக்கு 70 பிரசவம்னு வச்சுக்கோங்க, ஒரு இறப்புன்னா 14.3, ரெண்டுன்னா 28.6. மத்திய அரசோட எஸ்ஆர்எஸ் (மாதிரிப் பதிவு) சர்வே 2020 கணக்குல தமிழ்நாடு 13, இந்தியா 28. அதாவது ஒரே ஒரு குழந்தையில உங்க ஊரு தமிழ்நாட்டுல இருந்து அகில இந்தியாவுக்குத் தாவிடுது! இவ்ளோ சின்ன எண்ணிக்கைக்கு ரேட் போடுறதே வீண், பல வருஷம் சேத்துப் பாக்கணும், இல்லன்னா பிளாக் லெவல்ல பாக்கணும். உங்க லெவல்ல செய்ய வேண்டியது அந்த ரெண்டு குழந்தையும் ஏன் போச்சுன்னு உக்காந்து பாக்குறது: எடை கம்மியா, ஆம்புலன்ஸ் லேட்டா, மூச்சுத்திணறலை வீட்டுல சளின்னு விட்டுட்டாங்களா.

கர்ப்பிணி பைக் ஆக்சிடென்ட்ல இறந்தா எம்எம்ஆர்ல (தாய்மார் இறப்பு விகிதம்) வருமா?

வராது. கர்ப்பகாலத்துலயோ அது முடிஞ்சு 42 நாளுக்குள்ளயோ, கர்ப்பத்தாலயோ கர்ப்பம் மோசமாக்கின நோயாலயோ இறந்தாத்தான் கணக்கு. இதய நோய் இருந்து பிரசவத்துல மோசமாகி இறந்தா வரும். தற்கொலை வராதுன்னு நிறைய பேர் எழுதுறீங்க, 2012லயே உலக சுகாதார நிறுவனம் கர்ப்பகாலத் தற்கொலையையும் தாய்மார் இறப்புலதான் சேர்க்கணும்னு சொல்லிடுச்சு. அப்புறம் அந்த 42 நாள்ல முக்கால்வாசி பொண்ணு அம்மா வீட்டுலதான் இருக்கும், அதனால புருஷன் ஊரு வி.எச்.என்.னும் அம்மா ஊரு வி.எச்.என்.னும் ஃபோன்ல பேசிக்கலன்னா ரெண்டு பேர் ரிஜிஸ்டர்லயும் விட்டுப்போகும்.

எங்க தடுப்பூசி கவரேஜ் 112%. சந்தோஷப்படலாமா?

மொதல்ல கீழ இருக்கிற நம்பரை, அதாவது வகுக்கிற டார்கெட்டைப் பாருங்க. டார்கெட் 2011 சென்சஸை வச்சுப் போட்டதா? பிரசவத்துக்கு வந்த வெளியூர் பொண்ணுங்களோட குழந்தைங்களுக்குப் போட்ட ஊசி மேல சேந்திருக்கா? மேல எண்ணுற குழந்தை கீழயும் இருக்கணும், இல்லன்னா அது கவரேஜே இல்ல. இந்த 112க்குள்ள ஊசியே போடாத செங்கல்சூளை குழந்தைங்க ஒளிஞ்சிருக்கலாம். தட்டம்மை பரவாம நிக்கணும்னா 95% பேருக்கு ரெண்டு டோஸும் போயிருக்கணும், ஆனா ஊசி போடாதவங்க மொத்தமா ஒரே சூளையில இருந்தா மாவட்ட சராசரி எவ்ளோ இருந்தும் அங்க பரவும். பேர் வாரியா லிஸ்ட் எடுத்து சூளைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க.

பிபி மாத்திரை குடுக்கிறது பிரைமரி பிரிவென்ஷனா, செகண்டரியா?

பிரைமரின்னா நோய் வராமலே தடுக்கிறது, செகண்டரின்னா வந்த நோயை சீக்கிரம் கண்டுபிடிச்சு முத்தாம பாத்துக்கிறது. அதனால பிபிக்கு செகண்டரி, பக்கவாதத்துக்கு பிரைமரி. கேள்வியில எந்த நோயைக் கேக்குறாங்கன்னு பாத்துட்டு டிக் பண்ணுங்க.