பனிக்கடல் பயணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கிரீன்லாந்தின் கரையோரமாகவும் கனடாவின் நுனாவுட் தீவுகளுக்கு இடையிலும் சிறு கப்பல்களில் செல்லும் கோடைகாலப் பயணங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எல்லா விளம்பரங்களிலும் ‘ஃபியோர்டு’ என்று போடுகிறார்கள். அது சாதாரண வளைகுடாவிலிருந்து எப்படி வேறுபடுகிறது? அங்கே காண என்ன இருக்கிறது?

பதில்: மலைப் பள்ளத்தாக்கை நிரப்பியிருந்த பனியாறு பல்லாயிரம் ஆண்டுகளாகத் தன் எடையால் பாறையை அரைத்து ஆழமாக்கிவிட்டுப் பின்வாங்கும்போது, அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்து உண்டாவது ஃபியோர்டு. அதனால்தான் கரைப்பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்பதோடு, நீருக்கு அடியிலும் அதே செங்குத்தாக இறங்குகின்றன. கிழக்குக் கிரீன்லாந்தின் ஸ்கோர்ஸ்பி சவுண்டு உலகிலேயே மிகப் பெரிய ஃபியோர்டுத் தொகுதி எனப்படுகிறது. அதன் கிளைகள் ஏறத்தாழ 350 கி.மீ. தூரம் நிலத்துக்குள் நீள்கின்றன; சில இடங்களில் ஆழம் 1,400 மீட்டரைத் தாண்டுகிறது.

பனிப்பாறைகளைக் காண்பதே முதன்மை நோக்கமென்றால் மேற்குக் கரையின் இலுலிசாட்டைத்தான் நான் முதலில் சொல்வேன். அங்கே கடலில் இறங்கும் பனியாறு நாளொன்றுக்குச் சுமார் 40 மீட்டர் நகர்கிறது. அதிலிருந்து உடைந்து விழும் பனிப்பாறைகள் ஃபியோர்டின் வாயிலில் உள்ள கடலடி மேட்டில் தட்டி நின்றுவிடுகின்றன. பின்னால் வருபவை அவற்றை நெருக்க, உருகிச் சிறுத்து அல்லது உடைந்து மேட்டைத் தாண்டும் வரை அவை அங்கேயே கிடக்கின்றன. படகில் அருகே சென்றால், நெருங்கி இறுகியதால் காற்றுக்குமிழ்கள் வெளியேறிவிட்ட பழம்பனி கண்ணாடி போன்ற நீலநிறத்தில் கீற்றுக் கீற்றாகத் தெரியும். 2004-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கேள்வி: என் அண்ணன் குடும்பத்தார், கனடாவின் வடக்குத் தீவுகளுக்கு நடுவே செல்லும் வடமேற்குக் கடல்வழிப் பயணத்துக்குப் பணம் கட்டிப் போய், பாதி இடங்களைப் பார்க்காமலே திரும்பினார்கள். நிரலில் அச்சிட்ட இடங்களுக்கு அழைத்துச் செல்லாதது ஏமாற்று இல்லையா?

பதில்: அவர்களுடைய வருத்தம் புரிகிறது, ஆனாலும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். இத்தகைய பயணங்களில் அச்சிட்ட நிரல் ஓர் உத்தேசத் திட்டம் மட்டுமே. கப்பல் தலைவர் அன்றாடம் வரும் பனி வரைபடத்தையும் காற்றின் திசையையும் பார்த்த பிறகே அடுத்த நாளின் வழியை முடிவு செய்கிறார். துருவக்கரடி ஒன்று கரையில் தென்பட்டால்கூடப் பயணிகளை இறக்கமாட்டார்கள். 2018-ஆம் ஆண்டுக் கோடையில் கனடாத் தீவுகளுக்கு இடையில் பனி விலகாமலே கிடந்ததால் பல கப்பல்கள் வழியை மாற்றிக்கொள்ள நேர்ந்தது.

அந்தக் கடலின் குணத்தை அறிய, அவ்வழியைத் தேடிப் போன ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஜான் பிராங்க்ளினின் கதை ஒன்றே போதும். 1845-இல் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அவரது குழு, மறு ஆண்டு கிங் வில்லியம் தீவருகே பனியில் சிக்கியது. கடைசி வரை உடன் சென்ற 129 பேரில் ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை. முதல் குளிர்காலத்திலேயே இறந்த மூவரின் கல்லறைகள் பீச்சி தீவில் உள்ளன. இன்றைய சுற்றுலாக் கப்பல்கள் பலவும் அங்கே நின்று செல்கின்றன. மூழ்கிய கப்பல்களைப் பற்றி, ஆர்க்டிக்கின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். எரிபஸ் 2014-இல், அவர்களுடைய வாய்மொழி மரபு சுட்டிய பகுதியிலேயே அகப்பட்டது. 2016-இல் டெரர் கிடைத்ததற்கும் ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த இனுயிட் ஒருவர் தந்த தகவலே காரணம். அந்த மக்களின் பேச்சுக்கு முன்பே செவிகொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கேள்வி: அறுபத்தைந்து வயதில் நானும் என் கணவரும் போக விரும்புகிறோம். பாதுகாப்பானதுதானா?

பதில்: உடல்நலம் நன்றாக இருந்து, ஆடும் ரப்பர்ப் படகில் ஏறி இறங்க முடியுமானால் வயது தடையில்லை. ஆனால் ஆபத்தே இல்லாத பயணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆர்க்டிக் கடலடியில் பெரும்பகுதி இன்றைய தரத்தில் அளக்கப்படவே இல்லை. 2023 செப்டம்பரில் ஓஷன் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் 206 பேருடன் வடகிழக்குக் கிரீன்லாந்தின் ஆல்ப்ஃபியோர்டில் தரைதட்டியது. உதவிக் கப்பல் வந்து சேரவே நாட்கள் ஆயின. மூன்றாம் நாள் மீன்வள ஆய்வுக் கப்பல் ஒன்று அதை இழுத்து மீட்டது. நல்ல வேளையாக எவருக்கும் காயமில்லை. அதே மாதத்தில் கிழக்குக் கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டில் மலைச்சரிவு ஒன்று கடலில் விழுந்து 200 மீட்டர் உயரத்துக்கு அலை எழுப்பியது. அந்த நீர் ஃபியோர்டுக்குள் முன்னும் பின்னுமாக அலைந்ததால் உண்டான அதிர்வை உலகெங்கும் உள்ள நிலநடுக்கமானிகள் ஒன்பது நாட்கள் பதிவு செய்தன. அது சுற்றுலாக் கப்பல்கள் செல்லும் வழி. அந்நேரம் அங்கே எந்தக் கப்பலும் இல்லை.

ஆகவே, முன்பதிவு செய்யும்போதே கப்பலின் பனித் தாங்கு தரத்தைக் கேளுங்கள். துணைக்கு வரக்கூடிய வேறு கப்பல் அதே பகுதியில் இருக்குமா, கப்பலில் மருத்துவர் உண்டா என்பதையும் கேளுங்கள். விமானம் மூலம் நோயாளியை வெளியேற்றும் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கப்பல் ஏறவே கூடாது.

கேள்வி: இனுயிட் ஊர்களில் இறங்கி மக்களைப் படம் எடுப்பது எனக்கு நெருடலாக இருக்கிறது. அவர்களைக் காட்சிப்பொருள் ஆக்குகிறோமா?

பதில்: அந்த நெருடலோடு செல்பவர்களே நல்ல விருந்தினர்களாக இருப்பார்கள். ஸ்கோர்ஸ்பி சவுண்டின் வாயிலில் உள்ள இட்டொக்கோர்டூர்மீட் என்ற ஊரையே எடுத்துக்கொள்வோம். 1925-இல் தெற்கிலிருந்து குடியேற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டு உருவான அந்த ஊரில் இன்று ஏறத்தாழ 350 பேர் வாழ்கிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி கடல் உறைந்து கிடப்பதால் சரக்குக் கப்பல் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே வருகிறது. கடையில் அடுக்கியிருப்பது அடுத்த கப்பல் வரும் வரைக்குமான கையிருப்பு. நூறு பயணிகள் ஒருசேர நுழைந்து பிஸ்கட்டும் பழச்சாறும் அள்ளிக்கொண்டு போனால் அந்த ஊரின் குழந்தைகளுக்குத்தான் குறையும். கைவினைப் பொருளை வாங்குங்கள், மளிகையைத் தொடாதீர்கள்.

வீட்டு வாசலில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய கரடித்தோல் காய்ந்துகொண்டிருக்கலாம். பாறைகளுக்கு நடுவே சங்கிலியில் கட்டியிருக்கும் நாய்கள் பனிச்சறுக்கு வண்டி இழுப்பவை. அவற்றைத் தடவப் போகக் கூடாது, அவிழ்ந்து திரியும் குட்டிகளைத் தூக்கவும் கூடாது. சன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பதும், பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுப்பதும், இனிப்பைக் காட்டி அவர்களைக் கூட்டுவதும் நம் தெருவில் ஒருவர் செய்தால் நாம் பொறுப்போமா? மரமும் பயிரும் இல்லாத அந்நிலத்தில் திமிங்கிலமும் சீலும் உணவு மட்டுமல்ல, ஊர் முழுவதும் பங்கிட்டு உண்ணும் உறவுமாகும். திமிங்கிலத்தின் தோலோடு கூடிய கொழுப்பைப் பச்சையாக உண்பதால்தான், காய்கனி விளையாத இடத்தில் அவர்களுக்கு வைட்டமின் சி கிடைத்து வந்தது. வேட்டையைக் கண்டு முகம் சுளிப்பவர் கப்பலிலேயே இருந்துவிடுவது நல்லது.

கனடாப் பக்கத்தில் பாண்ட் இன்லெட் ஊர் மக்கள் வரும் பயணிகளுக்குக் குரல்பாட்டும் முரசு நடனமும் நிகழ்த்துகிறார்கள். அதற்கான தொகை ஊருக்குச் சேர்கிறதா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்கலாம். இன்னும் வடக்கே போனால் ரெசலூட், கிரைஸ் ஃபியோர்டு ஆகிய ஊர்கள் வரும். 1953-இல் கனடா அரசு கியூபெக்கின் வடபகுதியிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே இறக்கியது. சூரியனே எழாத நீண்ட குளிர்காலத்தையும் பழக்கமில்லாத வேட்டைநிலத்தையும் அவர்கள் போதிய ஏற்பாடின்றி எதிர்கொள்ள வேண்டியிருந்தது. திரும்ப அழைத்துச் செல்வதாகச் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படவில்லை. 2010-இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. அந்த ஊர்களில் கால் வைக்குமுன் இதைத் தெரிந்துகொள்வது பயணியின் கடமை என்றே கருதுகிறேன்.

கேள்வி: சீல் தோல் கையுறை, நார்வால் என்னும் திமிங்கிலத்தின் தந்தம் போன்றவற்றை வாங்கி வரலாமா?

பதில்: நார்வால் தந்தத்தையும் கரடித்தோலையும் எல்லை தாண்டிக் கொண்டுசெல்லத் தனி அனுமதிச் சீட்டுகள் தேவை, தவிர்த்துவிடுங்கள். கடல்வாழ் பாலூட்டிகளின் பொருட்களை அமெரிக்கா 1972 முதல் தடை செய்திருக்கிறது. அந்நாட்டு விமான நிலையம் வழியாகத் திரும்புவோர் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் இனுயிட் வேட்டையில் கிடைத்த சீல் தோலுக்கு மட்டும் உரிய சான்றிதழுடன் விலக்கு உண்டு. 1983-இல் ஐரோப்பா சீல் குட்டிகளின் தோலுக்குத் தடை விதித்தபோது, குட்டிகளை வேட்டையாடாத இனுயிட் மக்களின் தோலுக்கும் விலை சரிந்து பல குடும்பங்கள் வருமானம் இழந்தன. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

என்னைக் கேட்டால் நுனாவுட்டில் உள்ள கின்காய்ட் ஊரின் அச்சுச் சித்திரங்களையும், மாக்கல் முதலிய கற்களில் செதுக்கிய சிற்பங்களையும் வாங்கச் சொல்வேன். அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கலைஞர் கெனோஜுவாக் அஷேவாக் 1960-இல் படைத்த ஆந்தைச் சித்திரம் 1970-இல் கனடாவின் அஞ்சல்தலையாக வந்தது.

கேள்வி: பனி உருகிக்கொண்டிருக்கும்போது நாமும் போய்ப் புகையைச் சேர்ப்பது நியாயமா?

பதில்: கடினமான கேள்வி. புகையே இல்லாமல் அங்கே போய்வர முடியாது. நெடுந்தூர விமானப் பயணத்தையும் இதில் சேர்த்தே எண்ண வேண்டும். ஆர்க்டிக் கடலில் கரிய கனரக எண்ணெய்க்கு 2024 ஜூலை முதல் தடை நடைமுறைக்கு வந்தாலும், சில கப்பல்களுக்கு 2029 வரை விலக்கு இருக்கிறது. பனியின் மீது படியும் கரித்துகள் வெயிலை ஈர்த்து உருகலை விரைவுபடுத்துவதால், இலகு எண்ணெயில் ஓடும் கப்பலாகத் தேர்ந்தெடுப்பது குறைந்தபட்சப் பொறுப்பு. ஆயிரம் பேரை ஏற்றும் கப்பல் முந்நூறு பேர் ஊரில் நிற்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? விசா எப்படி?

பதில்: நள்ளிரவுச் சூரியன் வேண்டுமானால் ஜூலை, கடல் நன்கு திறந்திருக்க ஆகஸ்டு, வடதுருவ ஒளியும் வேண்டுமென்றால் செப்டம்பர். கிரீன்லாந்து டென்மார்க் அரசுக்கு உட்பட்டதே ஆனாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் இல்லை. எனவே விசா தேவைப்படுவோர் கிரீன்லாந்துக்கும் செல்லும் என்ற குறிப்போடு டென்மார்க்கின் விசாவைப் பெற வேண்டும்; ஐஸ்லாந்தில் கப்பல் ஏறினாலும் இதே விதிதான். கனடாவுக்குத் தனி அனுமதி வேண்டும். கிரீன்லாந்தில் டேனிஷ் குரோனும் நுனாவுட்டில் கனடா டாலரும் செல்லும்; சிற்றூர்களில் கைவினைஞர்களிடம் கொடுக்கச் சில்லறை நோட்டுகளாகவே வைத்திருங்கள்.