மின்னும் கிருமி உயிரோடு இருக்கிறதா?

கேள்வி: காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் சுமக்கும் என் அண்ணனுக்குக் காசநோய். இரண்டு மாதமாக ஒரு வேளை விடாமல் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். இருமல் குறைந்து உடம்பும் தேறியிருக்கிறது. ஆனால் இப்போது எடுத்த சளிப் பரிசோதனையில் மறுபடியும் பாசிட்டிவ். "கிருமி இன்னும் மின்னுகிறது" என்றார்களாம். மருந்து கேட்கவில்லை என்று அண்ணன் மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். மின்னினால் கிருமி உயிரோடு இருக்கிறது என்றுதானே பொருள்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இல்லை அம்மா. அண்ணன் மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

மின்னுவது கிருமியன்று, அதில் ஏறிய ஆரமின் என்னும் சாயம். சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பி, சூடு காட்டி ஒட்டவைத்து, ஆரமினில் சுமார் 20 நிமிடம் ஊறவிட்டு, பிறகு அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவுவார்கள். சளியில் உள்ள மற்ற செல்களெல்லாம் அந்தக் கழுவலில் சாயத்தை இழந்துவிடும். காசநோய்க் கிருமியின் சுவரில் மட்டும் மைக்கோலிக் அமிலம் என்னும் மெழுகு போன்ற பொருள் அடர்ந்திருப்பதால் சாயம் வெளியேறாது. கடைசியாக ஊற்றும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பின்புலத்தை இருட்டாக்க, நீல எல்இடி ஒளியில் அந்தக் கிருமிகள் மட்டும் மஞ்சள் கலந்த பச்சையில் சிறு குச்சிகளாகத் தெரியும். ஒருமுறை அதை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் மெழுகுச் சுவர் செத்த கிருமிக்கும் இருக்கிறது. அண்ணன் சாப்பிடும் மருந்துகளில் ஐசோனியசிட் புதிய மைக்கோலிக் அமிலம் உருவாவதைத் தடுக்கிறது. ரிஃபாம்பிசின் மரபணுவிலிருந்து ஆர்என்ஏவை நகலெடுக்கும் நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. (சிறுநீர் ஆரஞ்சு நிறமாக வருவதும் ரிஃபாம்பிசினால்தான், அதற்கு அஞ்ச வேண்டாம்.) இவற்றால் கிருமி செத்தாலும் ஏற்கெனவே கட்டிய சுவர் உடனே கரைந்துவிடுவதில்லை. நுரையீரலிலிருந்து சளியோடு வெளியேறும் அந்தக் கூடுகளும் சாயத்தைப் பிடித்துக்கொண்டு மின்னும்.

அதற்காக, எல்லாம் செத்த கிருமிதான் என்று நாமே தீர்மானித்துவிடவும் கூடாது. மருந்துக்கு அடங்காத வகைக் கிருமியாகவும் இருக்கலாம். உயிர் இருக்கிறதா என்பதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைதான் சொல்லும். இந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்வதால், நெகட்டிவ் என்று முடிவு சொல்லத் திரவக் கல்ச்சருக்கு 42 நாள் வரை ஆகும். சிபிநாட் சோதனை இரண்டு மணி நேரத்தில் முடிந்தாலும், அது தேடுவது டிஎன்ஏவை. செத்த கிருமியின் டிஎன்ஏவும் அதில் அகப்படும். ஆனால் ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பைத் தரும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்பதை அது காட்டும். ஆகவே, "எதிர்ப்புச் சோதனைக்குச் சளி அனுப்பியிருக்கிறீர்களா?" என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். முடிவு தெரியும் வரை அண்ணன் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். வீட்டு சன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படிக்கிறேன். ஈ.கோலை கிருமிக்கு கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுத்து, பிறகு புரோபிடியம் அயோடைடு என்னும் சாயத்தைச் சேர்த்தால் செல்கள் உடனே சிவப்பாகின்றன. சிப்ரோஃபிளாக்சசின் என்னும் இன்னொரு மருந்தைக் கொடுத்தபோது, வளர்ப்புத் தட்டில் காலனிகள் (உயிருள்ள செல்கள் பெருகி உண்டாகும் திரள்கள்) வெகுவாகக் குறைந்தும் செல்கள் சிவக்கவில்லை. என் சோதனை தவறா?
- மாணவி, வியாசர்பாடி

பதில்: உங்கள் சோதனை தவறில்லை. நேர்மின்சுமை கொண்ட புரோபிடியம் அயோடைடு முழுதாக இருக்கும் செல்சவ்வைக் கடக்காது. சவ்வு கிழிந்தால் உள்ளே போய், டிஎன்ஏ படிகளுக்கிடையே செருகிக்கொண்டு, முன்பைவிட 20 முதல் 30 மடங்கு ஒளிர்கிறது. ஆக, அது காட்டுவது சவ்வின் கிழிசலை மட்டுமே. அதைச் சாவு என்று படிப்பது நாம்தான். கோலிஸ்டின் சவ்வையே தாக்கும் மருந்து என்பதால் அங்கே இரண்டும் பொருந்திப்போகின்றன. சிப்ரோஃபிளாக்சசினோ டிஎன்ஏ கைரேஸ் நொதியைப் பிடித்து டிஎன்ஏவை உடைக்கிறது. செல் இனிப் பெருக முடியாத நிலைக்கு வந்த பிறகும் சவ்வு பல மணி நேரம் அப்படியே இருக்கலாம். அதே தகட்டை மறுபடி பாருங்கள்: பிரிய முடியாமல் நூல்போல் நீண்ட செல்கள் தென்படும். மருந்து வேலை செய்ததற்கு அதுவே கண்கூடான அடையாளம்.

அடுத்த முறை, 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கொன்ற செல்களையும் மருந்தே காட்டாத செல்களையும் ஒப்பீட்டுக்கு வைத்து, உயிருள்ளவை, செத்தவை என எல்லா செல்களிலும் புகும் சைட்டோ 9 பச்சைச் சாயத்தைச் சேர்த்து, ஒவ்வொரு மணி நேரமும் காலனி எண்ணிக்கையையும் எடுங்கள். சிவக்காத செல்களின் கோடும் காலனி எண்ணிக்கையின் கோடும் வரைபடத்தில் விலகும் இடத்தை உங்கள் ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள். நான் முதலில் படிக்க விரும்பும் பக்கம் அதுதான்.